காது போன அறிக்கை

ஒன்பது வருடங்களாக ஒரு எழுத்துகூடத் தொலைந்ததில்லை என்று பெருமையடித்துக்கொள்ளும் இடத்தில், அந்த வெள்ளிக்கிழமை காலை இரண்டு எழுத்துகளைக் காணவில்லை.

"தாங்காதுன்னு எழுதியிருந்தேன். இப்ப தாங்கும்னு இருக்கு," என்றார் சோதனையாளர் அம்மா. அவர் குரல் ஏற்கெனவே பாதி கம்மியிருந்தது.

"தாங்காதுல காது போயிருக்கு," என்றாள் வானொலி. "அண்ணி, நாம சங்கிலித் திருட்டு பார்த்திருக்கோம், சைக்கிள் திருட்டு பார்த்திருக்கோம். காது திருட்டு இதுதான் முதல் தடவை."

யாரும் சிரிக்கவில்லை. வானொலிக்கு அது பழகிப்போன விஷயம். பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவள் வாய் ஓயவில்லை என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. துப்பறியும் தொழிலில் அவள் உதவியாளர், உறவில் நாத்தனார். அவள் "அண்ணி, அண்ணி" என்று ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது போலீஸ் ஸ்டேஷன் முதல் பேங்க் வரை எல்லாருக்கும் அவள் முதலாளியம்மா அண்ணியாகிவிட்டாள். அந்த அண்ணி இருபது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்துச் சலித்துப்போய், அடுத்தவர் செய்ததில் தப்பு கண்டுபிடிக்க வந்தவள்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது நான்காவது மாடியில், மென்பொருள் ஆய்வு வள மையத்தின் இயக்குநர் அறையில். உள்ளே வர ஒரு விரல்ரேகை, ஓர் அட்டை, ஆறு இலக்க எண் மூன்றும் வேண்டியிருந்தது. உள்ளே வந்த பிறகு பார்த்தால், சன்னல் கொக்கி உடைந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தது. சுவரில் ஒரு பெரிய அறிவிப்பு: உங்கள் பாஸ்வேர்டு உங்கள் பல் துலக்கும் பிரஷ் மாதிரி, யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மூலையில் ஒரு நாற்காலியில் கட்டடத்தின் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். தொப்பி முழங்கால் மேல் இருந்தது. சட்டையில் குத்தியிருந்த பட்டையில் 'காவலர்' என்று எழுதியிருந்தது. அவருடைய போனை இயக்குநர் வாங்கித் தன் மேசை மேல் வைத்திருந்தார். அது நடுவில் ஒருமுறை அதிர்ந்து, 'வீடு' என்று காட்டிவிட்டு அடங்கியது.

"கேஸ் முடிஞ்ச மாதிரிதான் மேடம்," என்றார் இயக்குநர். "போலீஸுக்கு போன் போடறதுக்கு முன்னாடி உங்களைக் கூப்பிட்டே ஆகணும்னு இந்த அம்மாதான் ஒத்தக் கால்ல நின்னாங்க. நீங்களே பாருங்க, எழுத்துல இருக்கு."

கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். களஞ்சியத்தின் பதிவேட்டில் ஒரு வரி. மாற்றப்பட்டது: அறிக்கை 114. நேரம்: வெள்ளி காலை 6.05. மாற்றியவர்: காவலர்.

"ஆறு அஞ்சுக்கு இந்தக் கட்டடத்துல இருந்த ஒரே ஆள் இவர்தான். எல்லா ரூமுக்கும் சாவி இவர்கிட்ட இருக்கு. வேற என்ன வேணும்?"

அண்ணி வாட்ச்மேனைப் பார்த்தாள். வாட்ச்மேன் தொப்பியைப் பார்த்தார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா," என்றாள் அண்ணி, சோதனையாளரிடம்.

அவர் சொன்னார். அவருடைய வேலை உடைப்பது. கம்பெனிகள் கொண்டுவரும் மென்பொருளை இழுத்து, நெருக்கி, ஏமாற்றி, எங்கே ஒடிகிறது என்று பார்த்து எழுதுவார். அந்த அறிக்கைகளோடு, மென்பொருளை எப்படி ஒழுங்காகக் கட்டுவது, எப்படிக் காப்பது, விழுந்தால் எப்படி எழுந்து நிற்க வைப்பது என்று உலகத்தில் யார் ஆராய்ந்து எழுதியிருந்தாலும் அதையெல்லாம் சேர்த்து வைப்பதுதான் இந்தக் களஞ்சியம். இருபதாயிரம் ஆவணங்கள். ஆஸ்பத்திரியோ, ரயில்வேயோ, யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

"ஆம்புலன்ஸ் அழைப்பு நிலையத்துக்குப் புது மென்பொருள் வருதுங்க. இன்னைக்கு நாலு மணிக்குப் பழசை நிறுத்திட்டுப் புதுசுக்கு மாறறாங்க. அதைச் சோதிச்சது நான். ஒரு மாசம் முன்னாடி மெயின் மெஷினை முறைப்படி நிறுத்திப் பார்த்தேன். மாற்று மெஷின் எழுந்து வேலையைத் தொடர்ந்துச்சு. 'மாற்று இயந்திரம் தாங்கும்'னு எழுதிட்டேன். அப்புறம் மனசு கேட்கலை. இந்தத் திங்கட்கிழமை மறுபடி பார்த்தேன். இந்தத் தடவை நிறுத்தலை, ஒயரையே புடுங்கினேன்."

"என்ன ஆச்சு?"

"மாற்று மெஷின் எழுந்துச்சு. எழுந்து, 'நான் இப்ப என்ன செய்யணும்'னு மெயின் மெஷினையே கேட்டுச்சு. செத்த மெஷின் பதில் சொல்லுமா? பதினேழு நிமிஷம் காத்துக்கிட்டே நின்னுச்சு."

"எங்க அண்ணன் மாதிரி," என்றாள் வானொலி. "அண்ணி ஊர்ல இல்லைன்னா, அண்ணி இல்லாம எப்படிச் சமைக்கிறதுன்னு அண்ணிக்கே போன் போட்டுக் கேட்பான்."

"அந்தப் பதினேழு நிமிஷத்துல யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டா?" என்று கேட்டாள் அண்ணி.

"அங்க மணியே அடிக்காதுங்க."

வானொலி வாயை மூடிக்கொண்டாள். அது அபூர்வம்.

சோதனையாளர் அன்றே அறிக்கையைத் திருத்தி 'தாங்காது' என்று போட்டிருந்தார். நாலு நாள் அது அப்படியே இருந்தது. மாறுகிற அன்று காலையில் களஞ்சியத்தில் இருக்கும் அறிக்கையை அச்செடுத்து வைத்துக்கொள்வது அழைப்பு நிலையத்தின் விதி. இன்று காலை ஒன்பதுக்கு அவர்கள் அச்செடுத்தார்கள். பதினொன்றுக்கு அங்கிருந்து ஒருவர் போன் செய்து, 'தாங்கும்னு எழுதிக் கொடுத்ததுக்கு ரொம்ப நன்றி' என்றார்.

"உடனே அவங்ககிட்டயே, இல்லைன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். நம்பலை. போன்ல யார் என்ன சொன்னாலும் நம்பாதீங்கன்னு போன வருஷம் அவங்களுக்கு ரெண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தோம்." சோதனையாளர் கண்ணை மூடிக்கொண்டார். "கொடுத்தது நான்தான்."

"நல்லாக் கத்துக்கொடுத்திருக்கீங்க," என்றாள் வானொலி.

"சரி, அறிக்கையை மறுபடி திருத்திடுங்களேன்."

"அது முடியாது மேடம்," என்றார் இயக்குநர், கொஞ்சம் பெருமையோடு. "யாரோ கை வச்சிட்டாங்கன்னு தெரிஞ்சதும் களஞ்சியத்தைப் பூட்டிட்டேன். பூட்டினா இருபத்துநாலு மணி நேரம் யாராலயும் ஒரு புள்ளிகூட மாத்த முடியாது. என்னாலகூட. அவ்வளவு பாதுகாப்பு."

"அப்போ அந்தத் தப்பான சொல் இப்ப ரொம்பப் பத்திரமா இருக்கு," என்றாள் அண்ணி.

இயக்குநர் தலையாட்டி, பிறகு அதை நிறுத்திக்கொண்டார்.

"இன்னொரு வழி இருக்கு," என்றார் சோதனையாளர். "அறிக்கைக்குப் பொறுப்பான ரெண்டு பேரும் நேர்ல போய்ச் சொன்னா அவங்க கேட்கணும். எழுதினவங்க ஒருத்தர், திருத்தத்தைப் படிச்சுச் சரிபார்க்கிறவங்க ஒருத்தர்."

"ரெண்டாவது யாரு?"

"சார் பேர்தான் போட்டிருக்கு."

"நான் அந்தத் திருத்தத்தைப் படிக்கவே இல்லையே!" என்றார் இயக்குநர். "படிக்காததுக்கு நான் எப்படிச் சாட்சி சொல்றது? ஆளைப் பிடிச்சு, ஒப்புக்க வச்சு, கையோட கூட்டிட்டுப் போனாத்தான் அங்க நமக்கு மரியாதை."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு பத்து.

கதவு மெல்லத் திறந்தது. ஒல்லியான ஒரு மனிதர் டீ டம்ளரோடு வந்தார். களஞ்சியத்தின் நூலகர். மேசை ஓரத்தில் கோணலாகக் கிடந்த பேனாவைப் போகிற போக்கில் நேராக்கிவிட்டு, நேரே மூலைக்குப் போய் வாட்ச்மேன் கையில் டம்ளரைக் கொடுத்தார். அவர் காலடியில் ஏற்கெனவே இரண்டு காலி டம்ளர்கள் இருந்தன. நூலகர் அவற்றை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அண்ணி தன் நாற்காலியை வாட்ச்மேன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"இங்க வந்து எவ்வளவு நாளாச்சுங்க?"

"ஏழு மாசம் ஆச்சும்மா. அதுக்கு முன்னாடி ஒரு நகைக்கடைல இருந்தேன்."

"காலைல ஆறு அஞ்சுக்கு எங்க இருந்தீங்க?"

"கீழ. தண்ணி மோட்டார் போடுற நேரம்மா அது."

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"துடைக்கத் தெரியும்."

"ஒருத்தர் எழுதின அறிக்கைல போய் ஒரு சொல்லை மட்டும் மாத்தணும்னு உங்களுக்கு ஏன் தோணணும்?"

"அதைத்தாம்மா நானும் காலைலேர்ந்து யோசிச்சிட்டு இருக்கேன். நான் ஏன் அப்படிப் பண்ணேன்னு எனக்கே தெரியலை."

"அண்ணி," என்றாள் வானொலி மெதுவாக, "இன்னும் ஒரு மணி நேரம் இங்கேயே உட்கார வச்சா ஒப்புத்துக்கிட்டுக் கையெழுத்தே போட்டுடுவாரு. இவரைக் கூட்டிட்டுப் போயிடலாம்."

அண்ணி எழுந்தாள். "பதிவேட்டை நான் முழுசாப் பார்க்கணும்."

நூலகரின் மேசை அடுத்த அறையில் இருந்தது. அதில் எல்லாமே நேர்க்கோட்டில் இருந்தன. பென்சில்கள்கூட உயர வரிசையில். அவர் மறுபேச்சில்லாமல் நாற்காலியை ஒழித்துக் கொடுத்தார். இயக்குநரும் சோதனையாளரும் பின்னாலேயே வந்து நின்றார்கள். கதவு திறந்திருந்ததால் வாட்ச்மேனும் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"காவலர்ங்கற பேர்ல இதுவரைக்கும் என்னென்ன மாறியிருக்குன்னு எடுக்க முடியுமா சார்?"

நூலகரின் விரல்கள் ஒரு கணம் தயங்கி, பிறகு தட்டின.

ஒரு நீளப் பட்டியல் வந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாமே காலை 6.05. அண்ணி சுட்டியை உருட்டிக் கடைசி வரிக்குப் போனாள். முதல் மாற்றம் நடந்தது எட்டரை வருடங்களுக்கு முன்னால்.

"அவர் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம்தான் ஆகுது," என்றாள் அண்ணி.

"நகைக்கடையில இருந்தே பண்ணியிருப்பாரோ?" என்றாள் வானொலி. "ஒரு நிமிஷம் தப்பாம காலைல ஆறு அஞ்சுக்கு, எட்டரை வருஷமா. இவ்வளவு ஒழுங்கா வேலை பார்க்கிற ஆளுக்குச் சம்பளத்தை ஏத்திக் கொடுங்க சார், போலீஸ்ல கொடுக்காதீங்க."

இயக்குநர் குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"அப்ப... காவலர்னா யாரு?"

அண்ணி நூலகர் பக்கம் திரும்பினாள். "காவலர்னா என்ன சார்?"

யாரு என்று கேட்காமல் என்ன என்று கேட்டது நூலகருக்கு மட்டும் புரிந்தது. 

"ஒரு புரோகிராம்ங்க. களஞ்சியம் ஆரம்பிச்சவங்க எழுதி வச்சுட்டுப் போனது. ஒருத்தர் மட்டும் நினைச்சு எதையும் மாத்திடக் கூடாதுங்கறதுக்காக. யார் எதைச் சேர்த்தாலும், திருத்தினாலும் ரெண்டாவது ஆள் படிச்சுக் கையெழுத்துப் போடணும். மூணு நாள் ஆகியும் கையெழுத்து விழலைன்னா, காவலர் அதைக் களவுன்னு எடுத்துக்கும். அடுத்த நாள் காலைல பழையபடி மாத்தி வச்சிடும்."

 இயக்குநர் பலமாக மூச்சுவிட்டார். அவர் முகத்தில் பத்து வயது குறைந்தது.

"பார்த்தீங்களா! குற்றமே நடக்கலை. தொழில்நுட்பக் கோளாறு. எனக்கு அப்பவே தெரியும்."

"எப்ப சார்?" என்றாள் வானொலி. "போன் வாங்கி வச்சப்பவா?"

இயக்குநர் அவசரமாகப் போய், வாட்ச்மேனின் போனை எடுத்து நீட்டினார். "நீங்க போகலாம்ப்பா. தப்பா எடுத்துக்காதீங்க."

வாட்ச்மேன் எழுந்து வாசல் வரை வந்தார். ஆனால் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து தன்னை வைத்து ஓடிய கதை எப்படி முடிகிறது என்று பார்க்க அவருக்கு உரிமை இருந்தது.

"கோளாறு ஒண்ணும் இல்லையே சார்," என்றாள் அண்ணி. "காவலர் அதோட வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. வேலையைச் செய்யாத ஆள் வேற. திங்கட்கிழமைலேர்ந்து வியாழக்கிழமை வரைக்கும் கையெழுத்துக்கு வந்தது எல்லாம் காட்டுங்க."

முப்பத்திரண்டு விண்ணப்பங்கள், பெரும்பாலும் புதிதாகச் சேர்க்க வந்த ஆவணங்கள். எல்லாவற்றுக்கும் வரிசை எண். அண்ணி பழைய வழக்கப்படி சுட்டுவிரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தாள். அச்சகத்தில் விட்டுப்போன வரியைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். வந்த வரிசையிலேயே, வந்த ஒரு மணி நேரத்துக்குள், ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து விழுந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பதினெட்டு வரை. அடுத்தது இருபது.

"பத்தொன்பது?"

"அறிக்கை 114," என்றார் சோதனையாளர். அவர் குரல் சுத்தமாகப் போயிருந்தது.

பத்தொன்பதாவது வரியில் கையெழுத்துக் கட்டம் காலி. பக்கத்துக் கட்டத்தில் மட்டும் எழுதியிருந்தது. திறந்து படித்தது: திங்கள் பிற்பகல் 3.40. படித்தவர்: இயக்குநர்.

எல்லாரும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

"நான் இல்லை!" என்றார் அவர். "திங்கட்கிழமை மூணு நாற்பதுக்கு நான் இந்தக் கட்டடத்துலயே இல்லை. கருத்தரங்குல பேசிட்டு இருந்தேன். இருநூறு பேர் சாட்சி."

"என்ன பேசினீங்க?"

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் கொடுக்கக் கூடாதுங்கறதைப் பத்தி..."

வாக்கியம் முடிவதற்குள் அது எங்கே போய் நிற்கப்போகிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டார். அறிக்கையைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் விட்டேன் என்று பொய் சொல்வதா, பாஸ்வேர்டை இன்னொருவரிடம் கொடுத்துவைத்திருக்கிறேன் என்று உண்மை சொல்வதா, இரண்டில் எது குறைந்த அவமானம் என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நீங்க சொல்ல வேண்டாம் சார்," என்றாள் அண்ணி. "உங்க பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்குன்னு நான் சொல்றேன். காலைலேர்ந்து அந்த மூலைல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு. இந்த மாடில எல்லாரும் அவரைத் திருடன்னு நினைச்சு ஒதுங்கி நடந்தாங்க. ஒரே ஒருத்தர் மட்டும் டீ கொண்டுவந்து கொடுத்தாரு. ஒரு தடவை கொடுத்தா இரக்கம். மூணு தடவை கொடுத்தா?"

"கடன்," என்றாள் வானொலி.

"உறுத்தல். அவர் செய்யலைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் அந்த உறுத்தல் வரும். காவலர்னா என்னன்னு இந்த இடத்துல தெரிஞ்சவர் ஒருத்தர்தான். நான் கேட்டதும் கடகடன்னு சொன்னாரு. காலைல அதையே இவங்ககிட்ட ஏன் சொல்லலை?"

நூலகர் தன் மேசையில் இருந்த பென்சில் ஒன்றை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

"நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருதுங்க," என்றார். "ஒன்பது வருஷத்துல ஒரு அறிக்கையைக்கூட நாம திருத்த வேண்டி வந்ததில்லைன்னு அவங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். வேற எந்தக் களஞ்சியமும் அப்படிச் சொல்ல முடியாது. பெரிய பேருங்க அது. திங்கட்கிழமை இந்தத் திருத்தம் வந்துது. படிச்சேன். சரியாத்தான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டா அது முதல் திருத்தம் ஆயிடும். போடாம விட்டா காவலரே எடுத்துடும். குழு போனப்புறம் மறுபடி ஏத்திக்கலாம்னு... நான் எதையும் அழிக்கலைங்க. எதையும் மாத்தலை. ஒண்ணுமே செய்யலை."

"அதான் சார் செஞ்சது," என்றாள் அண்ணி.

"ஆம்புலன்ஸ் இன்னைக்கு மாறுதுன்னு தெரியாதா?" என்று கேட்டார் சோதனையாளர்.

"அடுத்த மாசம்னு நினைச்சேம்மா. பதினொரு மணிக்கு நீங்க கத்தினப்பதான் தெரிஞ்சுது. சொல்லிடலாம்னு எழுந்தேன். அதுக்குள்ள சார் இவரைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சுட்டாரு. இப்ப சொன்னா தெரிஞ்சே இவரை மாட்டிவிட்டேன்னு ஆயிடுமேன்னு, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ஒரு வாக்கியம் யோசிச்சேன். வரலை. டீ வாங்கிட்டு வந்தேன்."

வாசலில் நின்ற வாட்ச்மேன் பேசினார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"மூணு டீ குடிச்சேன் சார். ஒண்ணுலயாவது சொல்லியிருக்கலாம்."

 வாட்ச்மேனின் போன் மறுபடி அதிர்ந்தது. அவர் எடுத்து, சற்றுத் தள்ளிப் போய், "ஒண்ணுமில்லம்மா, ஆபீஸ்ல ஒரு மீட்டிங். ஆமா, என்னையும் கூப்பிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

அண்ணி மணி பார்த்தாள். மூன்று ஐந்து.

"திருத்தத்தைப் படிச்ச ரெண்டாவது ஆள் கிடைச்சாச்சு. எழுந்திரிங்க சார். நீங்க எங்களோட வர்றீங்க."

"நானா? அங்க வந்து நான் எந்த முகத்தோட..."

"இருக்கிற முகத்தோட வாங்க," என்றாள் வானொலி. "அங்க யாரும் முகத்தைப் பார்க்க மாட்டாங்க. அடையாள அட்டையைத்தான் பார்ப்பாங்க."

அவள் சொன்னது சரியாக இருந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த அழைப்பு நிலையத்தின் வாசலில் சோதனையாளர் அட்டையையும் நூலகர் அட்டையையும் மூன்று பேர் மூன்று தடவை பார்த்தார்கள். உள்ளே நீளமான கூடம். காதில் ஹெட்போன் மாட்டிய எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இரண்டு பெரிய திரைகள். இடது பக்கம் பழைய மென்பொருள், மங்கிப்போய். வலது பக்கம் புதியது, பளபளவென்று. ஒத்திகைக்காக இன்று காலையிலிருந்து ஒவ்வோர் அழைப்பும் இரண்டிலும் பதிவாகிக்கொண்டிருந்தது.

மேற்பார்வையாளர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இருவர் சொன்னதையும் கேட்டார். பக்கத்தில் கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர், புது மென்பொருளை விற்ற கம்பெனிக்காரர், சிரித்த முகத்தோடு நின்றார்.

"காலைல நான் எடுத்த காகிதத்துல தாங்கும்னு இருக்கு," என்றார் மேற்பார்வையாளர்.

"அது தப்பு," என்றார் சோதனையாளர்.

"எழுதினவங்க நீங்க. நீங்களே தப்புங்கறீங்க. இவரு?"

நூலகர் ஓர் அடி முன்னால் வந்தார். "திருத்தம் சரி. எங்க இயக்குநர் பேர்ல திங்கட்கிழமையே படிச்சது நான்தான். கையெழுத்துப் போடாதது என் தப்பு." ஓர் இடத்திலும் நிறுத்தாமல் சொன்னார். டீயோடு மூன்று தடவை நடந்து தேடியும் கிடைக்காத வாக்கியம் எப்படியோ வந்துவிட்டது.

"மேடம், இதெல்லாம் கடைசி நேரத்துல வழக்கமா வர்ற பயம்," என்றார் கம்பெனிக்காரர். "எங்க சிஸ்டம் விழவே விழாது."

"அப்ப ஒயரைப் புடுங்கலாம், இல்லையா?" என்று கேட்டாள் அண்ணி. "பழசு ஓடிட்டுதான் இருக்கு. யாருக்கும் எந்தக் குறையும் வராது. மணி மூணு இருபத்தெட்டு. நாலு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு."

கம்பெனிக்காரரின் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த ஆள் மட்டும் காணாமல் போனார். "முறைப்படி நிறுத்தலாம்..."

"இடி விழுந்தா முறைப்படி விழுமா?" என்றார் மேற்பார்வையாளர். தானே நடந்துபோய், கூடத்தின் கோடியில் இருந்த கம்பிக் கதவைத் திறந்து, சோதனையாளர் காட்டிய தடித்த ஒயரைப் பிடித்து இழுத்தார்.

வலது பக்கத் திரை அணைந்தது. ஒரு நொடியில் எழுந்துவிடும் என்று கம்பெனிக்காரர் சொன்னார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி சொன்னார். அதற்குப் பிறகு சொல்லவில்லை.

இடது பக்கம் மணி அடித்தது. மூன்றாவது இருக்கையில் இருந்த பெண் எடுத்தாள். "சொல்லுங்க, எங்கேர்ந்து பேசறீங்க?" ஏணியிலிருந்து விழுந்த ஒரு பெயிண்டர். வண்டி கிளம்பியது. நூலகர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து, மணியையும் விஷயத்தையும் ஒரு வரியில் எழுதினார். யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை.

இரண்டாவது அழைப்பு, சட்டைப் பொத்தானை விழுங்கிய குழந்தை. அம்மாவின் அலறல் ஹெட்போனைத் தாண்டி வெளியே கேட்டது. "குழந்தை அழுவுதாம்மா? அழுதா நல்லதும்மா, மூச்சு இருக்குன்னு அர்த்தம். லைன்லயே இருங்க," என்றாள் அந்தப் பெண். நூலகர் எழுதினார். பேனா ஓரிடத்தில் காகிதத்தைக் கிழித்தது. மூன்றாவது அழைப்பு, தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று கேட்ட ஒருவர். அதையும் எழுதினார். நான்காவது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்ட ஒரு பஸ் டிரைவர். பயணி ஒருத்தி பேசினாள். வண்டி நாலு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதாக ரேடியோவில் தகவல் வந்தபோது, சோதனையாளர் பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அதுவரை வலது பக்கத் திரை கறுப்பாகவே இருந்தது.

சரியாகப் பதினேழாவது நிமிடம் அது கண்ணைத் திறந்தது. பளபளவென்று, எதுவுமே நடக்காதது போல. நடுவில் பெரிய எழுத்தில் வணக்கம் என்றது. அதன் கீழே பச்சை நிறத்தில் ஒரு வரி ஓடியது.

கடந்த பதினேழு நிமிடங்களில் அழைப்புகள் எதுவும் இல்லை. அமைப்பு சீராக உள்ளது.

கூடத்தில் எல்லாரும் அதைப் படித்தார்கள். வானொலி வாயைத் திறந்தாள். அண்ணி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

நூலகர் தன் குறிப்பேட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழித்து மேற்பார்வையாளரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி, நான்கு வரிகளையும் நிதானமாகப் படித்து, மடித்துக் கம்பெனிக்காரரின் கையில் வைத்தார்.

"இந்த நாலு பேர்கிட்டயும் நீங்களே போய்ச் சொல்லுங்க சார்," என்றார். "அமைப்பு சீராக இருக்குன்னு."